தாழ்ப்பாள் இல்லாத வீடு

அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. கல்யாணமான மறுவாரமே இனியவன் எல்லாவற்றையும் கழற்றிக் குளத்தில் எறிந்துவிட்டான். "குளிக்கிற இடத்துக்காவது ஒண்ணு விட்டு வைக்கக்கூடாதா?" என்று அவன் மனைவி கனிமொழி சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு கதவின் மேல் துண்டைப் போட்டுவிட்டுக் குளிக்கப் பழகிக்கொண்டாள். அப்படிப்பட்ட வீட்டில், மழை இருட்டிக்கொண்டு வந்த அந்தச் சாயங்காலம், உள்ளே எங்கோ தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

இரும்போடு இரும்பு உரசி, கடைசியில் ஒரு 'டக்'. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியாதா என்ன?

பதினாறு வயதில், யாரோ திருடிய பம்ப்செட் மோட்டாருக்காக அவனைப் பிடித்துக்கொண்டுபோய், பிள்ளைகளைத் திருத்தும் இல்லத்தில் போட்டார்கள். அவன் எடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன புண்ணியம்? அதற்குள் திருத்திவிட்டார்களே, பாவிகள்! அங்கே அழுத பிள்ளைகளை வார்டன் சாமான் அறையில் அடைத்துத் தாழ்ப்பாள் போடுவார். ஈரச் சாக்கும் மூத்திரமும் புழுங்கும் இருட்டு. அன்பரசன் என்ற பையனை அடைத்த ராத்திரி, அவன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்ததை எல்லோரும் படுத்தபடி கேட்டார்கள். விடியும்போது தட்டல் இல்லை. காய்ச்சலில் செத்தான் என்றார்கள்.

இனியவன் எழுந்தான். கரண்ட் இல்லை. கூடத்துப் பாயில் போர்வை குவிந்து கிடந்தது. ஆறு வயது மகள் குந்தவை தூங்குகிறாள் என்று நினைத்துத் தாண்டிப் போனான். கொல்லைப்புற அறைக் கதவு சாத்தியிருந்தது. தாளடி நடவுக்காக விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி அங்கேதான் முளைக்க வைத்திருந்தார்கள். "இந்த ஒரு கதவையாவது சாத்தி வைங்க. காத்துப் பட்டா சூடு போயிடும், மொளை வராது" என்று சொல்லிவிட்டுத்தான் கனிமொழி கீழ்வேளூருக்குப் போயிருந்தாள்.

கதவிடுக்கிலிருந்து சூடான, புளித்த மூச்சு முகத்தில் அடித்தது. ஈரச் சாக்கு. அதே வாடை.

உள்ளிருந்து தட்டல் கேட்டது. மெல்ல. உள்ளங்கையால்.

கதவு அசைந்தது. வெளியே வரப் பார்க்கிறான். இனியவன் பாய்ந்து வளையத்தைப் பிடித்தான். நிலையில் காலை ஊன்றி, கதவு உள்பக்கம் திறக்காதபடி இழுத்தான்.

"வேண்டாம்டா அன்பு. வெளிய வராதடா!"

தட்டல் வேகமானது.

"அப்பா, இருட்டா இருக்குப்பா. தொறங்கப்பா."

குந்தவை. முளை பார்க்க உள்ளே போயிருக்கிறாள். ஐயோ, என் குழந்தை! விடு. கையை விடு.

கை விடவில்லை. விரல்கள் இன்னும் இறுகின. அவன் நினைக்காத வார்த்தைகள் அவன் வாயிலிருந்து வந்தன. தடித்த குரல். சாமான் அறையைப் பூட்டும் வார்டனின் அலுத்துப்போன குரல்.

"அழுதா காலைலதான் கதவு."

நனைந்த குடையோடு உள்ளே வந்த கனிமொழி அதைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "என்னங்க பண்றீங்க? புள்ள உள்ள இருக்கு! விடுங்க!" அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். நகத்தால் கீறினாள். ரத்தம் வந்தது. விரல் வரவில்லை. இனியவனின் கண்கள் மட்டும் அவளைப் பார்த்துக் கெஞ்சின.

உள்ளே அழுகை சட்டென்று நின்றது. மூக்கை உறிஞ்சும் ஓசை. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை பணிவாகச் சொன்னாள்:

"சரிங்க சார்."