சாவி போடாத ஸ்கூட்டர்

டிரிங்... டிரிங்...!

ரேடார் போனைத் தொடவில்லை.

வண்டிகளில் ஒரு சின்னக் கருவி மாட்டி, அவை ஓடுவதை சாட்டிலைட் மூலம் நொடிக்கு நொடி கண்காணிக்கிற கம்பெனி அது. அவள் திரையில் இருநூறு வண்டிகள் புள்ளி புள்ளியாக ஊர்ந்தன. ஒரு புள்ளி தப்பான இடத்தில் நின்றாலும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். அதனால்தான் ஆபீசில் அவள் பெயர் ரேடார்!

இன்று முகமே வியர்த்திருந்தது.

காரணம், நாற்காலிக்குப் பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர். அவர் பிடியில் ஒரு லாரி டிரைவர்...

அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்!

"குடோன்ல நிறுத்தியிருந்த லாரிய அறுபது டிவியோட காணோம். மத்தியானம் கேன்டீன்ல சாப்பிட்டுட்டு இருந்தேன்கிறான். சொல்லும்மா, லாரி எங்க?"

"இதோ ஓடுது சார்..." என்று புள்ளியைக் காட்டியவள் நிமிர்ந்தாள். "அய்யய்யோ! நிக்கிற இடமெல்லாம் பஸ் ஸ்டாப்பா இருக்கே! கருவியக் கழட்டி டவுன் பஸ்ல ஒட்டிட்டாங்க சார்!"

"பாத்தீங்களா?" கூடவே வந்திருந்த லாரி கம்பெனி மேனேஜர் துள்ளினார். "கருவி எங்க மாட்டியிருக்குன்னு எங்களுக்கும் டிரைவருக்கும்தான் தெரியும். கூட்டாளிகிட்ட சாவியக் குடுத்துட்டு இவன் நல்லா மூக்குப்பிடிக்கத் தின்னுருக்கான்!"

"சாவி என் பாக்கெட்லயே இருக்கு சார்!" அண்ணனின் குரல் உடைந்தது. "பாப்பா, உங்கண்ணி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா... நீயாவது சொல்லு!"

"மாற்றுச் சாவி செஞ்சிருப்ப!" மேனேஜர் விடவில்லை. "ஹும்... இந்தக் கம்பெனி கண்ணுல மண்ணத் தூவ முடியாதுன்னு என் வீட்டம்மாகிட்டகூடப் பெருமையா சொல்லியிருக்கேன். அதுலயே தூவிட்டானே!"

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம். லாரி கெடைக்கலன்னா இவன் உள்ள!"

ரேடார் திரையில் புள்ளி புள்ளியாகத் துழாவினாள்.

டிரிங்... டிரிங்...!

எரிச்சலோடு எடுத்தாள். சந்தேக அக்கா! கணவனின் ஸ்கூட்டரில் அவருக்குத் தெரியாமல் கருவி மாட்டிவிட்டு, தினமும் போன் போட்டு உயிரை எடுக்கும் வாடிக்கையாளர்.

"ஏம்மா, என்ன மெஷின் குடுத்தீங்க?" வெடித்தாள் அக்கா. "என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் ஆஃப்ல இருக்குன்னு காட்டுது. ஆனா அறுபது வேகத்துல போயிருக்கு! சாவி போடாத ஸ்கூட்டரப் பேயா ஓட்டுது?"

"அக்கா, அப்புறம் பேச..."

வாய் பாதியில் நின்றது.

சாவி போடாமல்... அறுபது வேகம்!

விரல்கள் பறந்தன. ஸ்கூட்டர் போன பாதை திரையில் சிவப்புக் கோடாக விரிந்தது.

"சார், இங்க பாருங்க! ஒண்ணு பத்துக்கு அண்ணன் லாரி நின்ன அதே குடோன்ல கெளம்பியிருக்கு. என்ஜின் ஆஃப். நேரா பழைய செங்கல் சூளைக்குப் போயிருக்கு. அங்க அரை மணி நேரம் நின்னுட்டு, அப்புறம்தான் சாவியப் போட்டு முப்பத்தஞ்சுல திரும்பி வந்திருக்கு!"

"அதனால?"

"போகும்போது ஸ்கூட்டர் ஓடவே இல்ல சார். லாரி அதச் சுமந்துக்கிட்டு ஓடியிருக்கு! சூளையில லாரிய விட்டுட்டா திரும்பி வரணும்ல? அதுக்குத்தான் ஸ்கூட்டரத் தார்ப்பாய்க்கு அடியில ஏத்திட்டுப் போயிருக்கான்!"

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "அந்த ஸ்கூட்டர் இப்ப எங்க?"

புள்ளியைப் பெரிதாக்கினாள். இன்னும்... இன்னும்...

ஒரு தெரு. ஒரு கட்டடம்.

இதே கட்டடம்!

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். வாசலில் ஒரே ஒரு நீல ஸ்கூட்டர்.

ஜன்னலுக்கு வராத ஒரே ஆள், கதவை நோக்கிப் பூனை நடை நடந்துகொண்டிருந்தார்.

"மேனேஜர் சார்!" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஸ்கூட்டர் சாவிய மறந்துடாதீங்க. அப்படியே லாரியோட மாற்றுச் சாவியையும் எடுங்க!"

மேனேஜர் பாக்கெட்டிலிருந்து இரண்டுமே வந்தன!

பத்தாவது நிமிடம் வயர்லெஸ் கரகரத்தது. சூளையில் லாரி... அறுபது டிவியும் பத்திரம்!

"பாப்பா... என் குலசாமிடி நீ!" என்று தங்கையின் தலையைத் தடவிவிட்டு, அண்ணன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டமாக ஓடினான்.

மேசையில் கிடந்த போன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. "ஹலோ... அவர் யாரோட போனாரு? சொல்லித் தொலைம்மா, தாங்கிக்கிறேன்!"

ரேடார் தயங்கினாள். "லாரியோடக்கா. திருடியிருக்காரு. போலீஸ் கூட்டிட்டுப் போகுது."

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ப... பொம்பள யாரும் இல்லையா?"

"இல்லக்கா."

"அப்பாடா!" நிம்மதிப் பெருமூச்சு காதைச் சுட்டது. "அப்ப அந்த மெஷினக் கழட்டிரும்மா. இனி அவர் எங்க இருப்பாருன்னு எனக்கே தெரியும்!"