பின் சீட்டில் இரண்டு பேர்

ஓசூரைத் தாண்டிச் செக்போஸ்டில் காரை நிறுத்தியபோது விடிகாலை ஆறு மணி. மார்கழிப் பனியில் கேட்டுக்கட்டைகூடச் சரியாகத் தெரியவில்லை. அதற்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம். ஒரு மணி நேரம் ஓட்டினால் பெங்களூர். பின் சீட்டில் என் மனைவி குல்ஷன் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தலை திரும்பாமல் கிடக்கிறது, பெங்களூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் தப்பும் என்று மருத்துவச்சி மங்கம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

நான் மெஹபூப் பாஷா. கிருஷ்ணகிரியில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். இந்தக் கேட்டில் நான் செய்த காரியத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அரிசித் தட்டுப்பாட்டுக் காலம் அது. எல்லை தாண்டி அரிசி போகக்கூடாது. நான் பெண்களின் வயிற்றில் அரிசிப் பையைக் கட்டி, மேலே சேலையைச் சுற்றிவிட்டு, பிள்ளைத்தாய்ச்சி என்று சொல்லிக் கடத்தினேன். கேட்டுக்காரர்கள் பாவம் பார்த்து விட்டுவிடுவார்கள். என்னைப்போல மூளைக்காரன் உண்டா என்று எனக்குத் திமிர். ஒரு நாள் ஒருத்தியின் பை கிழிந்து அரிசி கொட்டிவிட்டது. அன்றிலிருந்து என் கார் அவர்களுக்கு மனப்பாடம்.

அடுத்த மாதமே குருபரப்பள்ளி சூசை தன் மனைவி அருள்மேரியோடு வந்து நின்றான். நிஜமான பிரசவ வலி. வேறு வண்டி பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பானே என்ற வெட்கத்தில் ஏற்றிக்கொண்டேன். கேட்டில் யாரும் நம்பவில்லை. அவளை இறக்கி மழையில் நிற்கவைத்து, சீட்டைக் கழற்றித் தேடினார்கள். ஒரு மணி நேரம். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் அவளும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போனது. சூசை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

கேட்டுக்காரர் ஆஞ்சப்பன் லாந்தரோடு வந்தார். புது ஆள். என்னை அவருக்குத் தெரியாது என்று கண்டதும் எனக்கு உயிர் வந்தது.

"எங்கீங்க போறீங்க?"

"பெங்களூரு ஆஸ்பத்திரிக்குங்க. பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சு."

அவர் பின் கண்ணாடியில் விளக்கைப் பிடித்தார்.

"ரெண்டு பேருக்குமா?"

எனக்குப் புரியவில்லை.

"ஒரே வண்டியில ரெண்டு புள்ளத்தாச்சியா? யாருகிட்ட கதை வுடற? எறக்கு ரெண்டு பேரையும்."

திரும்பிப் பார்த்தேன். குல்ஷன் மட்டும்தான் இருந்தாள். ஆனால் சீட்டின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தாள், பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டதுபோல.

காருக்குள் நனைந்த அரிசியின் வாடை.

"என்னங்க," என்றாள் மெல்ல. "இந்த அக்கா கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்குது?"

நான் ஆஞ்சப்பனின் காலில் விழுந்தேன். பழைய கதை முழுவதையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அரிசி என்ற சொல்லைக் கேட்டதும் இன்னும் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். குல்ஷனை இறக்கினார்கள். டிக்கியைத் திறந்தார்கள், சீட்டைக் கழற்றினார்கள்.

"இன்னொருத்தி எங்கடா? எந்தப் பக்கமா எறங்கி ஓடுனா?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

டீக்கடை பூவம்மாள் ஓடிவந்து, கோணிச் சாக்கை விரித்துக் குல்ஷனைப் படுக்கவைத்தாள். சாலையோரத்திலேயே எல்லாம் முடிந்தது. ஆண் பிள்ளை. பூவம்மாள் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். தண்ணீர் தெளித்தாள். மறுபடியும் தட்டினாள்.

அது அழவில்லை.

ஆஞ்சப்பன் லாந்தரைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது.

காருக்குள்ளிருந்து.

கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே யாரும் இல்லை. அழுகை கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது, யாரோ எடுத்து மார்பில் போட்டுக்கொண்டதுபோல. குல்ஷன் எழ முடியாமல் காரைப் பார்த்துக் கை நீட்டினாள்.

குல்ஷன் பிழைத்தாள். என்னோடு பேசுவதில்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது. அதே காரைத்தான் இன்றும் பெங்களூருக்கு ஓட்டுகிறேன். முன்னால் பத்து வண்டி நின்றாலும் ஆஞ்சப்பன் என் வண்டியைப் பார்த்ததும் கட்டையைத் தூக்கச் சொல்லிவிடுவார்.

"பச்சப்புள்ள அழுவுது, வுடுங்கப்பா."

சவாரி இல்லாமல் நான் தனியாகப் போகும் நாளிலும் அப்படித்தான் சொல்கிறார்.