தலையிலிகளின் சின்னம்

குறிநோக்கிக்கு இன்னும் எதுவும் அகப்படவில்லை என்று காவலர் வீரபாகு சொன்னபோது, சிறையறைக்குள் இருந்த இளவேனிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஓருடல் கட்சி ஆளும் நகரத்தில் சின்னம்தான் குற்றம். ஒரு கூட்டத்துக்குச் சின்னம் இருந்தால் அது கலகம், மரண தண்டனை. இல்லாவிட்டால் வெறும் முணுமுணுப்பு, எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். சுவரிலும் சட்டையிலும் கையெழுத்திலும் திரும்பத் திரும்ப வரும் குறியைக் கண்டுபிடித்து, அதைப் போட்டவர்களை அவர்கள் இருக்கும் அறையிலேயே பூட்டுவது குறிநோக்கி என்ற இயந்திரத்தின் வேலை. அதன் தீர்ப்பை மாற்ற யாருக்கும் அதிகாரமில்லை. மனிதன் என்றால் இரக்கப்பட்டுத் தொலைப்பானே!

இளவேனிலும் அவளுடைய கூட்டாளிகள் ஆறு பேரும் தலையிலிகள். தலைவன் கூடாது, உத்தரவு கூடாது என்பவர்கள். ஒருவர் முஷ்டி என்றால் இன்னொருவர் பறவை என்பார். சின்னம் பற்றிய சண்டை வருடக்கணக்காக ஓயவில்லை. அந்தச் சண்டைதான் இப்போது ஏழு உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"வாக்குமூலம் எழுதிக் குடுத்துட்டா விட்டுருவாங்கம்மா," என்று கம்பிக்கு வெளியிலிருந்து தாளை நீட்டினார் வீரபாகு. ஏழு பேரும் எழுதிக் கொடுத்தார்கள்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி அலறியது. "பொதுக்குறி கிடைத்தது. ஏழு தாள்களின் உச்சியிலும் 'உ'."

இளவேனில் தன் தாளை நினைத்துப் பார்த்தாள். பிள்ளையார் சுழி! சாமியே இல்லை என்று மேடையேறிப் பேசுகிறவளின் கை, அவளைக் கேட்காமலேயே சுழித்துவைத்திருந்தது.

"நகரம் முழுவதும் தேடல்," என்றது குறிநோக்கி. மாடியில் கதவுகள் படார் படாரென்று சாத்திக்கொண்டன. கோப்புகளின் உச்சியில் அதே 'உ' போட்டிருந்த அதிகாரிகள், நீதிபதி, தூக்கிலிடுபவர் எல்லோரும் உள்ளே. "குறியின் மூத்த பயன்பாடு: ஓருடல் கட்சித் தலைவர் கைப்பட எழுதிய குறிநோக்கிச் சட்டம், முதல் பக்கம். கலகத் தலைவர் பூட்டப்பட்டார்."

இளவேனில் சிரித்தாள். சிரிப்பிலேயே அழுதாள்.

வராந்தாவில் நின்ற வீரபாகுவைப் பூட்ட அங்கே கதவு இல்லை. கீழறைகளின் பழைய இரும்புச் சாவி அவர் இடுப்பில் தொங்கியது.

"சார், திறந்து விடுங்களேன்."

"உத்தரவு இல்லாம எப்படிம்மா? போடுறவங்க எல்லாம் மாட்டிக்கிட்டாங்களே. உங்க தலைவர் யாரு? அவரு சொன்னா திறக்கறேன்."

"எங்களுக்குத் தலைவரே கிடையாதுங்க. நீங்களே யோசிச்சு..."

"நானா?" வீரபாகு மிரண்டுபோனார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் எதையும் யோசிச்சதில்லம்மா. யாராவது சொல்லுங்களேன்!"

பக்கத்து அறைகளில் ஆறு பேரும், உத்தரவு போடுவது கொள்கைக்கு அடுக்குமா என்று விவாதத்தைத் தொடங்கியிருந்தார்கள். இவர்கள் முடிப்பதற்குள் மாடியில் யாராவது கதவை உடைத்துவிடுவார்கள். இளவேனில் நிமிர்ந்து நின்றாள்.

"வீரபாகு! எல்லாக் கதவையும் திற!"

"எஸ் மேடம்!"

பூட்டுகள் திறந்தன. அப்பாடா! ஏழு பேரும் கட்டிக்கொண்டார்கள். உயிரோடு இருப்பது இவ்வளவு சுகமா என்றிருந்தது அவளுக்கு.

வீரபாகு விறைப்பாக நின்றார். அவர் முகத்திலும் பெரிய நிம்மதி. "அடுத்து என்ன மேடம்?"

வீட்டுக்குப் போங்கள் என்றுதான் சொல்ல நினைத்தாள். தொண்டை வறண்டிருந்தது.

"ஒரு டீ கொண்டு வா."

அவர் சந்தோஷமாக ஓடினார்.

"எனக்குச் சர்க்கரை கம்மியா!" என்று பின்னாலிருந்து ஒரு தலையிலி குரல் கொடுத்தான்.