கதவில்லாத கார்

அந்த மத்தியானம் கொட்டிலில் நின்றவர்கள்: பிரதாபன், வயது முப்பத்திநாலு, காரின் சொந்தக்காரன். விதுசன், தர்மபுரத்தில் அவனோடு சேர்ந்து கறாஜ் நடத்துகிறவன். விமலேஸ்வரி, பிரதாபனின் அம்மா. வாசலோடு நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. காருக்குள் ஒருவரும் இல்லை.

ஒருவரும் இல்லை என்பதை விதுசன் இரண்டு தரம் குனிந்து பார்த்தான். பின்சீற்கூட இல்லாத வண்டி, பின்னால் வெறும் இரும்புத் தளம். ஆனாலும் கார் பின்பக்கம் தாழ்ந்து நின்றது, ஆட்கள் ஏறி உட்கார்ந்திருப்பதைப் போல.

"நேற்று நேரா நிண்டதடா," என்றான் விதுசன். "இரவோட இரவா நெல்லு மூட்டை ஏத்தினியோ?"

"ஸ்பிறிங் விட்டிருக்கும்."

"எழுபது வருசம் விடாதது இண்டைக்குத்தான் விட்டதோ?"

பிரதாபன் இரும்பு வெட்டும் கிறைண்டருக்குப் புதுத் தட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய இடக்கையில் மோதிரவிரல் இல்லை. சண்டை முடிந்த பிறகு வவுனியாவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்தபோது மெஷின் எடுத்தது. மறுநாளே வேலையை விட்டுவிட்டான். நட்டஈட்டுப் படிவத்தைக் கொண்டுவந்த ஆளை வாசலோடு திருப்பி அனுப்பினான்.

கொட்டிலின் தகரக் கூரையில் மார்கழி மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. கறுப்பு ஒஸ்ரின், ஐம்பத்துமூன்றாம் ஆண்டு வண்டி, அந்த மங்கல் வெளிச்சத்திலும் ஈரக் கருங்கல்லாக மின்னியது. ஒரு பொட்டுத் துருக்கறள் இல்லை. கதவுக் கைபிடிகளின் நிக்கல்கூட உரியவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய்த்துணியால் துடைப்பாள். துடைத்துவிட்டுப் பின்பக்கம் கற்பூரம் கொளுத்துவாள். துடைக்கும்போது பின்கதவுகளை மட்டும் அவள் தொடுவதில்லை.

இதை ஹொட் றொட் ஆக்கலாம் என்று முதலில் கதை எடுத்தவன் விதுசன்தான். கூரையை வெட்டி, மட்காட்டைக் கழற்றி, ஆறு சிலிண்டர் எஞ்சினை வெளியே தெரியப் பூட்டி, ஏ-ஒன்பது வீதியில் இடி முழங்கப் போகிற வண்டி என்று போனில் படம் படமாகக் காட்டினான். எஞ்சின் வந்துவிட்டது. கொட்டில் மூலையில் சங்கிலியில் தொங்கியது. இப்போது பின்வாங்குகிறவனும் அவன்தான்.

"மச்சான், இன்னொருக்கா யோசி. இப்பிடிச் சுத்தமான வண்டி இனிக் கிடையாது. வெட்டினா வெட்டினதுதான், திரும்ப ஒட்டேலாது."

"அதுக்குத்தான் வெட்டுறன்."

"சரி, கூரையை எடுப்பம். கதவுகளை விடுவம். ஹொட் றொட்டுக்கும் கதவு இருக்குமடா."

"இதுக்கு இருக்காது. நாலும் போகோணும்."

வாசலில் அம்மா சேலைத்தலைப்பை வாயோடு பிடித்துக்கொண்டாள்.

விதுசன் தோளைக் குலுக்கிவிட்டு ஜாக்கை உருட்டிக்கொண்டு பின்னால் போனான். பின்சில்லுகளைக் கழற்ற வேண்டும். ஜாக்கின் பிடியை அமுக்கினான். ஏறவில்லை. முழு உடம்பையும் போட்டு அமுக்கினான். பிடி வளைந்தது, கார் அசையவில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பாரம் ஒன்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்ந்து, தளத்தின் தகரம் அமுங்கி நிமிர்கிற சத்தம். கார் மெல்ல ஒருபக்கம் சரிந்தது.

விதுசன் ஜாக்கை விட்டுவிட்டு எழும்பினான். பின்யன்னலைப் பார்த்தான். கண்ணாடியில் உட்பக்கமாக மூச்சுப் பட்ட ஈரப் புகார் படிந்திருந்தது, முழுவதும் அல்ல. மூன்று வட்டங்கள். ஒன்று உயரத்தில், இரண்டு தாழ. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை சுருங்கின. பிறகு விரிந்தன. பிறகு சுருங்கின.

"நான் சாப்பிட்டிட்டு வாறன்," என்றான் விதுசன்.

"இப்பதானே சாப்பிட்டனி?"

"திரும்பப் பசிக்குது."

மழைக்குள்ளேயே மோட்டார் சைக்கிளை உதைத்தான். அது ஒழுங்கையைத் தாண்டிப் போகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு மழை மட்டும்.

"தம்பி," என்றாள் அம்மா. "வெட்டாதை."

"ஏன்?"

"வெட்டினா அதுகள் எங்க போகும்?"

பதினேழு வருசத்தில் அவள் அதைச் சொன்னது இதுதான் முதல் தரம். அவனுக்கு ஆச்சரியமாக இல்லை. ஆத்திரம்தான் வந்தது.

பதினேழு வருசத்துக்கு முன், சண்டை நெருங்கிய அந்தத் தை மாதம் ஊரே மண்ணைத் தோண்டியது. தையல் மெஷின், தண்ணீர்ப் பம்பு, மோட்டார் சைக்கிள், எல்லாவற்றுக்கும் கிறீஸ் பூசி, பொலித்தீன் சுற்றிப் புதைத்துவிட்டு, உயிரோடு திரும்பினால் எடுக்கலாம் என்று சனம் நடந்தது. அப்பா காரையே புதைத்தார். மண்ணெண்ணெயில் ஓடி எத்தனையோ காயக்காரரை ஏற்றிய கார். பின்னேரம் குழிக்குள் இறக்கினார்கள். பொலித்தீனால் மூடினார்கள். மண்ணின் பாரத்தில் கதவுகள் பிளக்காதபடி கைபிடிகளைக் கம்பியால் முறுக்கிக் கட்டுவது பிரதாபனின் வேலை. வலப்பக்கப் பின்கதவைக் கட்டுவதற்குள் இருட்டிவிட்டது.

அவர்கள் வளவில் பாலை மரத்தின் கீழ் தறப்பாள் கட்டியிருந்த பல குடும்பங்களில் வடிவம்மாவினதும் ஒன்று. மலைநாட்டுப் பக்கத்துச் சனம், கிளிநொச்சியிலிருந்து நடந்து வந்தவள். ஒரு மகள், ஒரு மகன். பங்கர்க் குழியில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. அன்றிரவு செல் குண்டுகள் விழுந்தன.

விடியற்காலையில் அப்பா அவசரப்படுத்தினார். மண்வெட்டிகள் தயாராக நின்றன. பிரதாபன் குழிக்குள் குதித்து, பொலித்தீனுக்குக் கீழே கையை விட்டு, கட்டாமல் விட்ட கதவைத் தடவினான். அது சரியாகச் சாத்தியிருக்கவில்லை. சாத்தினான். குறட்டால் கம்பியை முறுக்கினான். ஒன்று. இரண்டு. உள்ளேயிருந்து ஏதோ தட்டியது. செல் அதிர்வு என்று தனக்குச் சொன்னான். மூன்று.

பாலை மரத்தின் கீழ் வடிவம்மாவின் சட்டி பானை அப்படியே கிடந்தது. அவள் முந்தியே நடந்துவிட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவனும் அப்படி நினைக்கப் பழகினான்.

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து அவனும் அம்மாவும் மட்டும் திரும்பினார்கள். குழியைத் தோண்டியவன் அவன். பொலித்தீன் தெரிந்ததும் அம்மா அவனைக் கயிறு வாங்க மாங்குளத்துக்கு அனுப்பினாள். பின்னேரம் வந்தபோது பின்சீற் முற்றத்தில் எரிந்துகொண்டிருந்தது. "எலி கடிச்சுப்போட்டுது," என்றாள். பாலை மரத்தடியில் புதுமண் கிடந்தது. அதில் நந்தியாவட்டை நட்டிருந்தாள். அவன் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை.

"உள்ளுக்க இருக்கட்டும், தம்பி. நான் சாகுமட்டும் துடைக்கிறன்."

"துடைச்சது காணும், போதும். நான் கட்டினதை நான்தான் அவிழ்க்கோணும். இண்டையோட அந்தக் கதவு இருக்காது. நீங்கள் வீட்டை போங்கோ."

அவள் போகவில்லை. அவன் தகரக் கதவை இழுத்து அவள் முகத்தோடு சாத்தினான். கிறைண்டரைப் போட்டான்.

காரின் கூரைத்தூணில் தட்டுப் பட்டதும் பொறி பறந்தது. கறுப்புப் பெயின்ற் கருகி மணத்தது. இரண்டு விரல்கடை வெட்டியிருப்பான். கறண்ட் நின்றது. தட்டு சுழன்று, தளர்ந்து, ஓய்ந்தது. மழையும் விட்டிருந்தது. எப்போது என்று தெரியவில்லை.

மண்ணெண்ணெய் மணம் வந்தது. தாங்கியில் எண்ணெய் பட்டுப் பதினேழு வருசம். அதற்குள் இன்னொரு மணம். ஈரமண். அதற்குள் குழந்தைகளின் தலைமுடியில் ஊறிய வேர்வை.

தட். தட்.

வலப்பக்கப் பின்கதவு. உள்ளேயிருந்து.

ஓடலாம். விதுசன் ஓடினான். பிரதாபனுக்கு ஓட மனமில்லை. ஓடினால் நாளைக்கும் அம்மா துடைப்பாள். நாளையின்றைக்கும். கிறைண்டரை நிலத்தில் வைத்தான். கைபிடியைப் பிடித்தான், குளிர்ந்திருந்தது. திருப்பினான். எந்தத் தடையும் இல்லாமல் கதவு திறந்தது.

"பாருங்கோ," என்றான் உரத்து. "திறக்குது. இறங்குங்கோ அக்கா. பிள்ளையளை இறக்குங்கோ."

உள்ளே இருட்டு. யாரும் இறங்கவில்லை. இருட்டுக்குள் மூச்சு மட்டும், மூன்று விதமாக.

"பயப்பிடாதேங்கோ. நான் பிடிக்கிறன்."

ஒரு காலைத் தளத்தில் வைத்துக் குனிந்தான். கையை நீட்டினான். ஏதோ பிடித்தது. சின்னக் கை. சுடவில்லை, குளிரவில்லை, ஈரமாக இருந்தது. இழுத்தான். அது வரவில்லை. இன்னும் உள்ளே சாய்ந்தான். மற்றக் காலும் நிலத்தை விட்டது.

கதவு சாத்திக்கொண்டது.

திரும்பினான். உட்பிடியைத் திருப்பினான். திரும்பியது. கதவு அசையவில்லை. கண்ணாடிக்கு வெளியே கொட்டில் இல்லை. சாம்பல் நிறப் பொலித்தீன். அதற்குக் கீழே ஊர்ந்து வந்த ஒரு கை, கிறீஸ் படிந்த இடக்கை, கம்பியைப் பிடித்திருந்தது. வலக்கை குறட்டோடு வந்தது.

தட்டினான். இரண்டு கையாலும் தட்டினான். கத்தினான். தன் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

ஒன்று.

அவனுக்குப் பக்கத்தில் யாரோ ஒதுங்கி இடம் விட்டார்கள்.

இரண்டு.

வெளியே அந்தக் கை ஒரு கணம் நின்றது. கேட்டது. கம்பியைப் பிடித்திருந்த இடக்கையில் ஐந்து விரல்களும் இருந்தன.

மூன்று.