கறுப்புதான் கரையுது!

"இந்த பேட்டரி மட்டும் தேறட்டும். அப்புறம் அம்மா முழுக்க உனக்குத்தான்."

"நிஜமாவா?"

"நிஜமா."

பள்ளி திறந்த அன்று அம்மா அப்படிச் சொன்னாள். இதோ, விடுமுறையே வந்துவிட்டது. பேட்டரி தேறவில்லை.

சட்டென்று பொரிந்துவிடுவதால் வீட்டில் மகளுக்குக் 'கடுகு' என்று பெயர். அம்மாவின் ஆய்வுக்கூடத்து முக்காலியில் உட்கார்ந்து இப்போதும் பொரிந்துகொண்டுதான் இருந்தாள்.

"அம்மா, பாட்டுக் குழுவிலேர்ந்து என்னை நீக்கிட்டாங்கம்மா."

"ரொம்ப நல்லதுடா கண்ணு."

"நல்லதா? நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்!"

"ம்... பல் வலின்னு..."

"அது போன வாரம்!"

அம்மாவின் கண் கைபேசியில் இருந்தது. அதில் ஒரு கோடு. பேட்டரியின் சக்தி குறையக் குறைய அதுவும் இறங்கும்.

"மறுபடியும் இறங்குது. எல்லாம் இந்தத் துத்தநாகத் தகடு பண்ற வேலை," என்று முணுமுணுத்தபடி அம்மா புதுத் தகடு எடுக்க அலமாரிப் பக்கம் போனாள்.

ஒரு பக்கம் துத்தநாகம். மறுபக்கம் செடியிலிருந்து எடுத்த பொருளால் செய்த கறுப்புப் பட்டை. திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றலாம்; தூக்கிப் போட்டாலும் மண் கெடாது. அப்படியொரு பேட்டரிதான் அம்மாவின் கனவு.

கடுகுவுக்கு அதுதான் எதிரி.

'திறக்காதே' என்று எழுதி ஒட்டியிருந்த பேட்டரிப் பெட்டியைப் படாரென்று திறந்தாள். "உன்னை என்ன பண்றேன் பார்!" என்று ஒயரைப் பிடித்தாள்.

இழுக்கவில்லை.

பேட்டரியின் கண்ணாடிக் குப்பிக்குள் தெளிவாக இருக்கவேண்டிய நீர், டீத்தூள் ஊறியதுபோலப் பழுப்பாக இருந்தது.

"ஐயோ! உன்னை யாரு திறக்கச் சொன்னது? உள்ளே சூடு மாறிடும்டீ! எல்லாம் போச்சு!" அம்மா ஓடிவந்தாள்.

"போகட்டும்! அந்தக் கோட்டையே பார்க்கறியே, இதை ஒரு தரமாவது பார்த்தியா? உன் தகடு பளபளன்னு இருக்கு. கறுப்புதான் கரையுது!"

அம்மா குனிந்தாள். குப்பியை உற்றுப் பார்த்தாள்.

"அட ராமா! பாவம், தகட்டையே திட்டிக்கிட்டிருந்தேனே! இந்தக் கறுப்பைக் கரையாமல் கட்டிப்போட வழி பார்க்கணும்." கடுகுவின் கன்னத்தைக் கிள்ளினாள். "என் தங்கமே! என்ன வேணும், கேளு. சைக்கிளா?"

அதற்குள் கையிலிருந்த கைபேசி கீச்சென்றது. அம்மாவின் கண் அங்கே போனது.

எத்தனையோ நாள் கடுகுவின் தொண்டை வரை வந்து திரும்பிப்போனது, இன்று வெளியே வந்தது.

"சைக்கிள் வேண்டாம். நான் பேசும்போது அந்த ஃபோனைக் கீழே வெச்சிட்டு, என் முகத்தைப் பாரும்மா."