உப்புத்தாழ்

உப்புத்தாழ் ஊசி போட்ட உடம்பில் வேர்வை கரிக்காது. உதட்டில் வழிந்தால் மழைத்தண்ணீர் மாதிரி இருக்கும். வேர்வைச் சுரப்பியில் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் உப்புக்கென்று இருக்கிற வாசல்களை அந்த ஊசி திறந்தே வைத்துவிடும். வெளியே போகப் பார்க்கும் உப்பு இரத்தத்துக்கே திரும்பும். வெறும் தண்ணீர்தான் தோலுக்கு வரும். ஊசி வந்தபிறகு தூத்துக்குடி உப்பளங்களில் கெண்டைக்கால் இழுத்து விழுந்த ஆண்பிள்ளை கிடையாது. நாற்பத்தாறு டிகிரி வெயிலிலும் நின்று உப்பு வாரினார்கள்.

பெண்கள்தான் விழுந்தார்கள்.

அந்த வாரத்தில் மூன்றாவது ஆள் ஜெபராணி. வாரும் பலகையைப் பிடித்தபடியே பாத்திக்குள் சரிந்தாள். பக்கத்துப் பாத்தியில் நின்ற பேச்சித்தாய் அவளை வரப்பில் இழுத்துப் போட்டாள். ஜெபராணியின் கண் திறந்திருந்தது, ஆளை அடையாளம் தெரியவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த உப்புக்காட்டி, இரத்தத்தில் உப்பு நூற்று அறுபத்திரண்டு என்றது. நூற்று நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது.

கங்காணி தவசிமுத்து சொம்போடு ஓடிவந்தார். "உப்புப் போட்ட எலுமிச்சத் தண்ணி. குடிக்க வையிட்டி."

அளத்தில் மயங்கி விழுந்தால் அதுதான் காலங்காலமாகக் கொடுப்பது. பேச்சித்தாய் சொம்பைத் தட்டிவிட்டாள். "இருக்க உப்பு போதாதா அண்ணாச்சி? அவ மணிக்கட்டப் பாரும்."

உப்புக்காட்டியை அழுத்தினாள். கம்பெனி டாக்டர் குரல் வந்தது.

"உப்பு எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணி போகும்மா. அவங்க மூளைச் செல்லுல இருக்க தண்ணி, சவ்வு வழியா வெளியேறிட்டு இருக்கு."

"மீனுக்கு உப்புப் போட்டா நீர் விடுமே, அப்படியா?"

"அதேதான். வெறும் தண்ணி குடுங்க, சொட்டுச் சொட்டா. மொத்தமா ஊத்தினா சுருங்கின செல்லு ஊதிரும், மண்டைக்குள்ள அதுக்கு இடம் இல்ல. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும்."

ஜெபராணி பாட்டிலைப் பார்த்ததும் பாய்ந்தாள். பேச்சித்தாய் அவள் இரண்டு கையையும் முழங்காலுக்கடியில் அமுக்கிக்கொண்டு பாட்டில் மூடியில் ஊற்றினாள். ஒரு மூடி. நிறுத்தம். இன்னொரு மூடி. ஜெபராணி ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினாள்.

"ஏ பாவி, தண்ணிய குடுத்துத் தொலையேன்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"குடுத்தா செத்துருவாட்டி. தள்ளி நில்லு."

எண் அசையவில்லை. டாக்டர் கேட்டார், "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாங்க?"

"விடிய முன்ன. வீட்டுல."

"இப்ப மணி மூணு. ஏன் போகல?"

பேச்சித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளைத்தரை. மறைய ஒரு முள்செடி கிடையாது. "எங்க போவ? அதுக்குத்தான நாங்க பொம்பளைய தண்ணியே குடிக்கது இல்ல."

டாக்டர் சொன்னார், "வேர்வைல போகாம நின்ன உப்பு சிறுநீர்ல போயிரும்னு நம்பித்தாம்மா இந்த ஊசியே செஞ்சோம்."

"ஆம்பளையள வச்சுப் பாத்திருப்பிய."

முக்கால் மணி நேரம் மூடி மூடியாகப் போனது. நூற்று அறுபது. நூற்று ஐம்பத்தொன்பது. ஜெபராணியின் பார்வை மெல்ல வந்து பேச்சித்தாயின் முகத்தில் நின்றது.

"யக்கா, முட்டுது."

நாலு பெண்கள் சேலையை விரித்துப் பிடித்துச் சுற்றி நின்றார்கள். தவசிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரையில் போன உப்பு லாரி வேகம் குறைத்து, இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

ஜெபராணி பிழைத்தாள். பேச்சித்தாய் கம்பெனிக்கு மனு எழுதிப் போட்டாள்: நாலு சுவர், ஒரு கூரை, ஒரு குழாய். கைநாட்டும் கையெழுத்துமாக அறுபது பெண்கள்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. கட்டடம் இல்லை, ஊசி. பெயர் நீர்த்தாழ். சிறுநீரகத்தில் தண்ணீரை இரத்தத்துக்கே திருப்பிவிடும் வாசல்களைப் பகல் முழுக்கத் திறந்து வைக்குமாம். சாயங்காலம் வரை அடிவயிறு முட்டாது என்றாள் ஊசி போட வந்த நர்ஸ்.

"அப்ப உப்பு எங்கிட்டுப் போவும்?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

நர்ஸ் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தாள். "அத மேல பாத்துக்குவாங்க."

"ஒருத்தியும் போடாதீங்கட்டி" என்றாள் பேச்சித்தாய், பெண்களைப் பார்த்து.

வரிசையில் முதலில் நின்றது ஜெபராணி. வேலைச்சட்டையின் கையைத் தோள்வரைக்கும் சுருட்டியிருந்தாள்.

"அன்னைக்கு நான் மூடிக்குக் கத்துனது எனக்கு நெனவே இல்லக்கா" என்றாள். "அந்த ஹாரன் சத்தம் மட்டும் இன்னும் கேக்குது."

நர்ஸ் பஞ்சால் துடைத்தாள்.