இடது தோள் யாருக்கு?

"பெத்த தாய் செத்ததையே புருஷன்கிட்ட மறைச்சவ, நட்சத்திரம் குத்த மட்டும் முதல் ஆளா வந்து நிப்பாளா?"

விடிந்ததும் விடியாததுமாக நாத்தனார் பீரங்கியை முழக்கிவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, பயத்தில்தான் பொங்கியிருக்கும்!

இன்று அவள் தம்பி மேஜர் ஜெனரல் ஆகிறார். புது நட்சத்திரத்தை வலது தோளில் தளபதி குத்துவார், இடது தோளில் மனைவி. அந்த இடது தோளுக்குத்தான் இத்தனை சண்டை.

"நீங்களே குத்துங்க அண்ணி..." மனைவி அடுப்பைத் துடைத்தபடி சொன்னாள். அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் எத்தனை ஊர்களில் தனியாகக் காத்திருந்தாள்!

அந்தத் தம்பி என்ன லேசுப்பட்டவரா? விட்ட மூச்சு கட்டியாகிக் காலில் விழும் பனிமலையில் காவல் நின்றவர். எதிரியின் குண்டுகூட அவரைக் கண்டால் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கிப் போகுமாம்! அப்பேர்ப்பட்டவர் சீருடையோடு வந்து, பூனைக் குரலில் பேசினார்.

"அக்கா... அம்மா போனப்போ இவ உடனே எனக்குப் போன் பண்ணினா. நான்தான் வரல."

"என்னடா உளர்ற?"

"பனிச்சரிவுல என் படைப் பசங்க மாட்டிக்கிட்டாங்க. கடைசி ஆள் இறங்காம நான் எப்படிக்கா இறங்குவேன்? 'நான் சொல்லவே இல்லைன்னு பழியை ஏத்துக்கறேன், நீங்க அவங்களைக் காப்பாத்துங்க'ன்னா இவ."

"இத்தனை வருஷமா ஏன்டா வாயைத் திறக்கல?"

"உனக்குப் பயந்துதான்!"

நாத்தனார் திரும்பினாள். "அடிப்பாவி... நீயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"உங்களுக்கு இருக்கறது ஒரே தம்பி, அண்ணி. என்னை எவ்வளவு திட்டினாலும் தாங்கிப்பேன். அவரையும் வெறுத்துட்டா... நீங்க யார்கிட்ட போய் அழுவீங்க?"

நாத்தனார் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுத அழுகையில் நாலு தெரு தள்ளி ஒத்திகை பார்த்த பேண்டு வாத்தியமே வாயடைத்துப் போனது!

"போ, போய் முகத்தைக் கழுவுடி! நீதான் குத்தணும்... டேய், நீ என்ன வேடிக்கை பார்க்கற? காரை எடுக்கச் சொல்லு!"

"சரிக்கா!" என்று பாய்ந்தார் மேஜர் ஜெனரல்.

மைதானத்தில் மனைவி இடது தோளில் குத்தினாள். நட்சத்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நேராக்கிவிட ஓர் இளம் அதிகாரி கை நீட்டினார்.

முன்வரிசையிலிருந்து பாய்ந்து வந்தது குரல்:

"யாருப்பா அது, கையை எடு! எங்க வீட்டு மருமக குத்தினது... அப்படியேதான் இருக்கும்!"